ஒரு தேவதைக் கதை வந்த வழியைக் கண்டறிவது எப்படி?

கோபுரத்தில் அடைபட்ட பெண் தன் நீண்ட கூந்தலைச் சாளரத்தின் வழியே தொங்கவிடும் ராபுன்செல் கதையை ஜெர்மானிய நாட்டார் கதை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்கள் அதை வெளியிடுவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் நேப்பிள்ஸில் அது அச்சேறிவிட்டது. ஒரு கதையின் மூலத்தையும் பரவலையும் ஆராய விரும்புவோருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

முதலில் கதைவகை எண்ணைப் பாருங்கள். நாட்டார் கதைகளை வகைப்படுத்தி எண்ணிடும் ஆர்னே-தாம்சன்-ஊதர் அட்டவணையில் இதன் எண் 310. அவ்வகையில் அடங்கும் வடிவங்களை அச்சான கால வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஜியம்பத்திஸ்தா பசிலே நேப்பிள்ஸ் வட்டார மொழியில் எழுதி, அவர் 1632-இல் மறைந்த பின் 1634-36-இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள ‘பெட்ரோசினெல்லா’ முதலில் வரும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா ஃபோர்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் பிரெஞ்சில் எழுதிய ‘பெர்சினெட்’, 1790-இல் ஃபிரீட்ரிக் ஷுல்ட்ஸ் வெளியிட்ட ஜெர்மன் வடிவம், 1812-இல் வந்த கிரிம் பதிப்பு ஆகியவை அதைத் தொடரும்.

அடுத்த வேலையில்தான் பொறுமை வேண்டும். கதைச் சுருக்கங்களை ஒப்பிடுவதால் பயனில்லை. சுருக்கினால் எல்லா வடிவங்களும் ஒன்றுபோலவே தோன்றும். பாடபேதங்களைக் கொண்டு சுவடிகளின் உறவை அறிவது போல, சிறு விவரங்கள் எங்கே நுழைகின்றன, எங்கே மறைகின்றன என்று பாருங்கள். கருவுற்ற தாய் அரக்கியின் தோட்டத்தில் பார்ஸ்லிக் கீரை திருடுவதும், இளவரசன் கூந்தலைப் பிடித்து ஏறுவதும் பசிலேயிடமே உண்டு. ஆனால் அவருடைய நாயகி, அடுக்களை உத்தரத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த மூன்று மந்திரக் கொட்டைகளை எடுத்துக்கொண்டு தப்புகிறாள். அவற்றை ஒவ்வொன்றாக எறிய நாயும் சிங்கமும் ஓநாயும் தோன்றுகின்றன. சிங்கத்துக்கு அஞ்சிக் கழுதைத் தோலைப் போர்த்திக்கொண்ட அரக்கியைக் கழுதை என்று எண்ணி ஓநாய் விழுங்கிவிடுகிறது. இந்த விறுவிறுப்பான முடிவு பிரெஞ்சு வடிவத்தில் இல்லை. அங்கே நாயகி இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். பார்வையிழந்த இளவரசனின் கண்கள் அவளது கண்ணீரால் குணமாகின்றன. கிரிம் கதையிலும் இவையே இருப்பதால், கதை பிரான்ஸ் வழியாகவே ஜெர்மனிக்குச் சென்றது என்று உறுதியாகக் கூறலாம். லா ஃபோர்ஸ் பசிலேயைப் படித்திருந்தார் என்று மட்டும் இதைக் கொண்டு முடிவுகட்டிவிடாதீர்கள்; ஒற்றுமை வேறு, சான்று வேறு.

தொகுப்பாளர்களின் குறிப்புகளையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஷுல்ட்ஸின் கதை ஐயமின்றி வாய்மொழி மரபிலிருந்து வந்தது என்று கிரிம் சகோதரர்கள் 1812-இல் குறித்தனர். உண்மையில் அது ‘பெர்சினெட்’டைத் தழுவியது. பதிப்புகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் ராபுன்செல், தன்னை அடைத்து வைத்திருப்பவளிடம், தன் உடைகள் ஏன் இறுக்கமாகின்றன என்று வெகுளியாகக் கேட்டு, கருவுற்றிருப்பதை வெளிப்படுத்திவிடுகிறாள். பிந்தைய பதிப்புகளில், இளவரசனைவிட உங்களை மேலே இழுப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்று கேட்பதாக அது மாற்றப்பட்டது.

பசிலேயைப் படிக்க முழுமையான மொழிபெயர்ப்பையே தேடுங்கள். ஜான் எட்வர்ட் டெய்லரின் 1848 ஆங்கில நூல் தேர்ந்தெடுத்த கதைகளை மட்டுமே கொண்டது. ஃபெலிக்ஸ் லீப்ரெக்ட்டின் 1846 ஜெர்மன் மொழிபெயர்ப்பும் பெனடெட்டோ குரோச்சேயின் 1925 இத்தாலிய மொழிபெயர்ப்பும் தொகுப்பு முழுவதையும் தருகின்றன.