ஸ்ட்ராங் பிட்டர் ஏல்: ருசி பார்க்கும் முறை
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் ஸ்ட்ராங் பிட்டர் என்கிற இங்கிலாந்து பீர் வகையில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) மணமே தெரியாது. 10 முதல் 13 டிகிரி வரை ஏறட்டும். சிங்கப்பூர் வெக்கையில் பாட்டிலைக் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். கிளாஸில் பாதிதான் ஊற்ற வேண்டும், மணம் தங்க இடம் வேண்டுமே. முதலில் மோந்து பாருங்கள். டாஃபி, பிஸ்கட், ஆரஞ்சு மார்மலேட் வாசனை வந்தால் நல்ல சரக்கு. ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. பாப்கார்ன் வெண்ணெய் வாடை லேசாக இருந்தால் மன்னிக்கலாம். தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டை அவசரப்பட்டுப் பிரித்திருப்பார்கள். விழுங்கியபின் அரை நிமிடம் பொறுங்கள்: கசப்பு நாக்கை வறட்டாமல் மால்ட் இனிப்போடு அடங்க வேண்டும். சம்பல் தொட்ட நாக்கோடு மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், காரமும் கசப்பும் ஒன்றையொன்று உசுப்பிவிடும்.