மாதம் ஆயிரம் ரூபாய்: விண்ணப்பிப்பது எப்படி, பணம் எங்கே மாட்டிக்கொள்ளும்

தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இளநிலைப் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். முன்னது 2022 செப்டம்பரில் வந்தது, பின்னது 2024 ஆகஸ்டில். தாலிக்குத் தங்கம் தந்த பழைய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை மாற்றித்தான் புதுமைப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான்.

மாநகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. எட்டாவது அல்லது பத்தாவதோடு ஐடிஐ, பாலிடெக்னிக் போனவர்களும் தகுதியானவர்களே. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை இழக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தைக் கல்லூரிதான் ஏற்றும். அதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் (நோடல் அலுவலர் என்பார்கள்) இருப்பார். ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பள்ளி எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் உங்களுக்குள்ள எண்) ஆகியவற்றை அவரிடம் கொடுங்கள். பள்ளி விவரத்தை எமிஸில்தான் சரிபார்ப்பார்கள். நடுவில் பள்ளி மாறியவர்கள் அந்த வருடங்கள் எமிஸில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று கடைசியாகப் படித்த பள்ளியில் கேட்டுவிடுவது நல்லது. பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்துப் பதிவு செய்யத் தேவையே இல்லை.

பெரும்பாலும் சிக்கல் வங்கியில்தான். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் பணம் போகும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பணம் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் போகிறது. என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் தேசிய அமைப்பு) பட்டியலில் உங்கள் ஆதாரோடு கடைசியாகச் சேர்க்கப்பட்ட வங்கி எதுவோ, அங்கே போய் விழும். சிம் வாங்கும்போது கடைக்காரர் திறந்து கொடுத்த பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்று இருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கலாம். ‘எனக்கு மட்டும் வரவில்லை’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மைஆதார் தளத்தில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து உள்ளே போய் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். வங்கியின் பெயரும் ‘ஆக்டிவ்’ என்பதும் தெரிய வேண்டும். ஓடிபி வர, ஆதாரில் உள்ள செல்பேசி எண் கையில் இருக்க வேண்டும். வேறு வங்கி பெயர் காட்டினால், நீங்கள் பயன்படுத்தும் வங்கிக் கிளைக்குப் போய், ‘டிபிடிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் விழுவதற்கு) என்பிசிஐ மேப்பிங் செய்ய வேண்டும்’ என்று சொல்லிப் படிவம் கொடுங்கள். வெறுமனே ‘ஆதார் லிங்க்’ என்று கேட்டால் கேஒய்சிக்கு (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு) மட்டும் சேர்த்துவிட்டு ‘ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள்.

பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்த மைனர் கணக்கு இன்னொரு தொல்லை. 18 வயது ஆனதும் புதிதாகக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கிப்போகும். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் பதிவை விட்டவர்களுக்கு ஆதாரே செயலிழக்க வாய்ப்புண்டு. இரண்டையும் கல்லூரி திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

அரசு ஐடிஐயில் சேர்ந்தால் இந்த ஆயிரம் போக, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸும் கிடைக்கும். கல்விக் கட்டணமும் இல்லை. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும்.

அந்த ஒதுக்கீட்டில் வராதவர்கள் கல்விக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், கேன் எண் (இ-சேவையில் பதிந்தால் தரும் குடிமக்கள் கணக்கு எண்) வேண்டும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரின் படிப்பையும் கேட்பார்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்த பிறகு துணை வட்டாட்சியர் ஒப்புதல் தருவார். தேர்வு முடிவு வந்ததும் கூட்டம் குவியும் என்பதால் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே சலுகை வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. சான்றிதழ் இருந்தாலும் கவுன்சிலிங் வழியாக வாங்கிய சீட்டுக்குத்தான் சலுகை. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் முழுக் கட்டணம்தான்.