சபையின் முதியோரைச் சந்திப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மூன்று வாரம் ஆராதனைக்கு வராத ஒருவரைப் பற்றி யாராவது விசாரிப்பார்கள். மூன்று மாதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். வயதானவர்கள் சபையிலிருந்து மறைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். முழங்கால் வலி, காது மந்தம், கூட்டிவர ஆளில்லை, அவ்வளவுதான் காரணம்.

இது இன்று வந்த சிக்கலும் இல்லை. முதல் சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கு மொழி பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று எழுந்த முறுமுறுப்பு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர்கள் அதற்கு ஒரு நல்ல பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். ‘எல்லோரும் போய்ப் பார்ப்போம்’ என்று அறிவித்தால் யாரும் போகமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

படி 1: பட்டியல்

போதகரிடமோ சபைச் செயலரிடமோ கேட்டு, வீட்டோடு இருக்கும் முதியோரின் பெயர்களை எழுதுங்கள். தனியாக இருப்பவர், துணையை அண்மையில் இழந்தவர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் முதலில் வரட்டும். ஒருவருக்கு இரண்டு, மூன்று முதியவர்கள் போதும். பத்துப் பேரை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சுற்று வருவதைவிட, இரண்டு பேரை மாதந்தோறும் பார்ப்பது எவ்வளவோ மேல்.

படி 2: முன்கூட்டியே கேளுங்கள்

திடீரென்று போய்க் கதவைத் தட்டாதீர்கள். முகம் கழுவ, உடை மாற்ற, பல்செட்டை எடுத்து மாட்ட அவர்களுக்கு நேரம் வேண்டும். “ஸ்தோத்திரம் ஐயா, சபையிலிருந்து பேசுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாமா? எந்த நேரம் உங்களுக்குத் தோது?” என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால், சரி என்று விட்டுவிட்டு இன்னொரு வாரம் அழையுங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது. அதற்குமேல் போனால் அது கூட்டம். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

படி 3: எங்கே உட்காருவது?

அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதிச் சந்திப்பு இதில்தான் இருக்கிறது. நின்றபடி குனிந்து பேசாமல், அவர் கண்மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும்; காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று நேராகவே கேட்கலாம். டிவி ஓடினால், குறைக்கலாமா என்று கேளுங்கள். கத்த வேண்டாம், நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும்.

படி 4: பேச்சு

புதிதாகப் போகிறவர்கள் செய்வது நலம் விசாரிப்பது, மாத்திரைகளைப் பற்றிக் கேட்பது, ஆறுதல் சொல்வது. அதோடு சரக்கு தீர்ந்துவிடும். என் கருத்து இது: ஆறுதல் சொல்ல மட்டும் போகாதீர்கள், எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளப் போங்கள். இந்தச் சபை எப்படித் தொடங்கியது, அந்த நாட்களில் பாடகர் குழுவில் யார் இருந்தார்கள், வேலை போனபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். அவருடைய பழைய வேதாகமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களில் பென்சிலால் எழுதிய தேதிகள் இருக்கும்: பிள்ளையின் ஞானஸ்நானம், ஓர் அறுவைச் சிகிச்சை, காரணம் எழுதாத ஒரு நாள். அதில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால், அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.

சொன்ன கதையையே மறுபடி சொன்னால், கேளுங்கள். மறதி நோய் உள்ளவரிடம் “என்னைத் தெரியுதா பாட்டி?” என்று கேட்காதீர்கள். பாசத்தில் கேட்டாலும் அது பரீட்சைதான், தோற்றால் அவமானம். “நான் இன்னார், உங்கள் சபைதான்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நேற்று நடந்தது நினைவில்லாதவர்கூட, சிறுவயதில் பாடிய பாட்டை வரி பிசகாமல் பாடக்கூடும். ஆகவே மெல்லப் பாட ஆரம்பித்துப் பாருங்கள்.

படி 5: ஜெபம்

அவருக்கு மனப்பாடமான மொழிபெயர்ப்பிலேயே ஒரு சிறு பகுதி வாசியுங்கள். சங்கீதம் 71 முதுமையில் பெலன் ஒடுங்கும்போது கைவிடாதேயும் என்று கேட்கும் மனிதனின் ஜெபம். 23ஆம் சங்கீதத்துக்கே போகாமல் இதையும் எடுக்கலாம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சுருக்கமாக ஜெபியுங்கள். பிறகு, “எனக்காக நீங்கள் ஜெபியுங்கள், அம்மா” என்று உங்கள் தேவை ஒன்றைச் சொல்லுங்கள். பலருக்கு அன்றைய சந்திப்பிலேயே பெரிய மரியாதை அதுதான். அரைமணி நேரம் போதும், களைப்பு தெரிந்தால் அதற்கு முன்பே எழுந்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

பணம் கைமாறக் கூடாது. காணிக்கை என்று கொடுத்தால், இரண்டுபேர் முன்னிலையில் வாங்கி ரசீது கொடுக்க வேண்டும். உயில், சொத்து, வங்கி விவகாரங்களில் தலையிடாதீர்கள், எதிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். மாத்திரையை மாற்றச் சொல்லாதீர்கள். படுக்கையில் இருப்பவரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஊழியமே அல்ல. குடும்பச் சண்டை காதில் விழுந்தால் அது அந்த வீட்டோடு நிற்கட்டும். ஆனால் கீழே விழுந்த காயம், சாப்பாடு இல்லாத நிலை, யாரோ மிரட்டுவது போன்றவை தெரிந்தால் ரகசியம் என்று மூடிவைக்காமல் அன்றே போதகரிடம் சொல்லுங்கள்.

படி 6: ஆலயத்தில்

கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை நான்காம் ஞாயிறு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருநாள் மேடையேற்றிப் பரிசு கொடுத்துவிட்டு, மறுவாரம் அவர்களால் ஏற முடியாத படிக்கட்டை அப்படியே விட்டுவைப்பது என்ன கனம்? கைப்பிடி, சாய்தளம், பெரிய எழுத்தில் பாட்டுத்தாள், கழிவறைக்கு அருகில் இருக்கை, அழைத்துவர ஒரு வண்டி, இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். நரைத்தவருக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்கிறது லேவியராகமம் 19:32; இளையோர் கூட்டத்தில் அதைச் சொல்லித்தரலாம். வாசிக்கவும் ஜெபிக்கவும் முடிந்தவருக்கு ஆராதனையில் ஒரு பங்கு கொடுங்கள்.

வரவே முடியாதவருக்குத் திருவிருந்து வீட்டுக்குப் போக வேண்டும். ஆதித் திருச்சபை எழுத்தாளரான யுஸ்தீன் கி.பி. 155ஐ ஒட்டி எழுதியதில், ஆராதனைக்கு வராதவர்களுக்கு அப்பத்தையும் இரசத்தையும் உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது இருக்கிறது. உங்கள் சபையில் இதை யார் கொண்டுபோகலாம் என்ற ஒழுங்கைப் போதகரிடம் கேட்டு, பட்டியலில் உள்ளவர்களுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு முடிந்து வந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன ஜெபம் கேட்டார், அடுத்த முறை எதைப் பற்றி விசாரிக்க வேண்டும். அடுத்த தேதியை அவர் வீட்டு நாட்காட்டியிலேயே, அவர் படிக்கும் அளவுக்குப் பெரிதாகக் குறித்துவிட்டு வாருங்கள். போக முடியாமல் போனால் முதல்நாளே போன் செய்துவிடுங்கள், காலையிலிருந்தே காத்திருப்பார்கள்.