ஓடும் நீரில் படகின் உண்மையான வேகத்தை அளக்கும் முறை

கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். செயலி காட்டுவது தரையைப் பொறுத்த வேகமே தவிர, படகு நீரைக் கிழித்துச் செல்லும் வேகம் அன்று. வெளிப்புற எஞ்சின் பொருத்திய பைபர் படகு ஒன்று, த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மாற்றாமலேயே, ஆற்றின் போக்கில் செல்லும்போது மணிக்கு 18 கிலோமீட்டரும் எதிர்த்து வரும்போது 10.8 கிலோமீட்டரும் காட்டக்கூடும். இவற்றில் எதுவும் படகின் வேகம் ஆகாது. புதிய எஞ்சினையோ புரொப்பல்லரையோ சோதிப்பவரும், எரிபொருள் கணக்குப் போடுபவரும் அறிய வேண்டியது, நீரோட்டத்தின் பங்கு நீங்கிய வேகத்தையே.

அதற்கான பழைய வழியே இன்றும் சிறந்தது: தூரம் தெரிந்த ஒரு நேர்ப்பாதையில் இரு திசையிலும் ஓடி நேரம் குறிப்பது. ஸ்காட்லாந்தின் கிளைட் கழிமுகத்தில், ஸ்கெல்மோர்லி என்னும் ஊருக்கு அருகே 1866-இல் ஒரு கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1852 மீட்டர், இப்படி அளந்து கரையில் கம்பங்கள் நடப்பட்டன. அங்கே கட்டப்பட்ட நீராவிக் கப்பல்கள் அந்தத் தூரத்தில்தான் தம் வேகத்தை நிரூபித்துக் காட்டின. நம் படகுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. 500 முதல் 1000 மீட்டர் வரை போதும். மிகக் குறைந்த தூரத்தை எடுத்துக்கொண்டால், நேரக்கருவியை அழுத்துவதில் நேரும் அரை வினாடித் தாமதம்கூடக் கணக்கைக் கெடுக்கும்: 120 வினாடி ஓட்டத்தில் அரை வினாடி என்பது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை; 20 வினாடி ஓட்டத்திலோ அது இரண்டரைப் பங்காகிவிடும்.

தொடக்கத்தையும் முடிவையும் ஒற்றைக் கம்பத்தால் குறிப்பது போதாது. ஒவ்வொரு முனையிலும், கரையோரத்தில் ஒரு கம்பமும், நீரோட்டத்துக்குக் குறுக்கான கோட்டில் அதற்கு நேர் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உயரமான இன்னொரு கம்பமும் நடவேண்டும். படகிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தித் தெரியும் அந்தக் கணத்தில் கருவியை அழுத்த வேண்டும். இரு முனைக் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்துவிட்டால், படகு கரையிலிருந்து சற்று விலகி ஓடினாலும் தூரம் மாறாது. கரையில் சாலை இருந்தால் நாடாவால் அளப்பதே நல்லது.

எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஆற்றின் நடுவில் ஓட்டம் வேகமாகவும் கரையோரத்தில் மெதுவாகவும் இருக்கும். அதனால்தான் எதிர்நீரில் வரும் படகோட்டிகள் தம்மையறியாமலேயே கரையை ஒட்டி வருவார்கள். தொழிலுக்கு அது கெட்டிக்காரத்தனம்; அளவீட்டுக்கு அது கேடு. போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு நீரோட்டம் இருந்தால்தான் அது கழிந்துபோகும் என்பதால், இரு ஓட்டமும் ஒரே தடத்தில் அமைய வேண்டும். ஆழத்தையும் பார்க்க வேண்டும். 1.5 மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் பரவ இயலாது. படகின் வேகம் அந்த அளவை நெருங்கும்போது, தான் எழுப்பிய அலையே தடையாகி, அமரம் (படகின் பின்பக்கம்) தாழ்ந்து அணியம் (முன்பக்கம்) உயர்ந்து, எஞ்சின் வீணாக உறுமும். ஆகவே ஆழமான இடத்தையும் காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

த்ராட்டிலை ஒரே நிலையில் நிறுத்தி, தொடக்கக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்பாகவே படகை ஓடவிட்டால்தான் கோட்டைத் தாண்டும்போது வேகம் நிலைத்திருக்கும். ஓட்டத்துக்கு இடையில் த்ராட்டிலைத் தொடக்கூடாது. ஆட்கள் இடம் மாறி உட்காரவும் கூடாது. எதிரே தெரியும் மரத்தையோ கோபுரத்தையோ குறிவைத்துச் செல்லாமல், திசைகாட்டியைப் பார்த்துக் கோட்டுக்குச் செங்குத்தான ஒரே திசையில் படகின் முகத்தை வைத்திருக்க வேண்டும். பக்கவாட்டு ஓட்டம் படகைத் தள்ளினால் தள்ளட்டும். அதை ஈடுகட்டச் சுக்கானைத் திருப்பினால் படகு கோணலாக ஓடி அளவு தவறிவிடும்.

இனிக் கணக்கு. தூரம் 600 மீட்டர் என்று கொள்வோம். நீரோட்டத்தோடு 120 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். எதிர்த்து 200 வினாடி ஆனால் 3 மீட்டர். இரண்டின் சராசரியான 4 மீட்டர், அதாவது மணிக்கு 14.4 கிலோமீட்டர் அல்லது ஏறத்தாழ 7.8 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்), படகின் உண்மையான வேகம். இரண்டின் வித்தியாசத்தில் பாதி, வினாடிக்கு 1 மீட்டர், நீரோட்டத்தின் வேகம். இங்கே சராசரி காண வேண்டியது வேகங்களுக்கே தவிர நேரங்களுக்கு அன்று. மொத்தத் தூரமான 1200 மீட்டரை மொத்த நேரமான 320 வினாடியால் வகுத்தால் 3.75 மீட்டர்தான் வரும். எதிர்நீரில் படகு கூடுதல் நேரம் செலவிடுவதால், அந்த மெதுவான ஓட்டம் கணக்கில் தன் பங்குக்கு மேல் எடையைப் பெற்றுவிடுகிறது. நல்ல எஞ்சினைக்கூட மட்டமானதாகக் காட்டிவிடும் தவறு இது.

கழிமுகத்தில் அளப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடல் நீரின் ஏற்றமும் வற்றமும் மாறிக்கொண்டே இருப்பதால், முதல் ஓட்டத்தில் இருந்த நீரோட்டம் இரண்டாவதில் இராது. அங்கே சம இடைவெளியில் நான்கு முறை, திசை மாற்றி மாற்றி ஓட வேண்டும். மணிக்கு 18.0, 11.2, 17.0, 12.6 கிலோமீட்டர் என்று கிடைத்ததாகக் கொள்வோம். நேராகச் சராசரி எடுத்தால் 14.7 வரும். அதற்குப் பதிலாக, அடுத்தடுத்த இரண்டிரண்டுக்குச் சராசரி எடுத்தால் 14.6, 14.1, 14.8, அவற்றுக்கும் அவ்வாறே எடுத்தால் 14.35, 14.45, கடைசியில் 14.4. முதலும் கடையும் ஒரு பங்கு, நடுவில் உள்ள இரண்டும் மும்மூன்று பங்கு என்று கூட்டி எட்டால் வகுத்தாலும் இதே விடைதான். நீரோட்டம் சீராகக் குறைந்தாலும் கூடினாலும், அந்த மாற்றத்தின் வேகமே சீராக மாறிக்கொண்டிருந்தாலும், இந்த முறை அதை நீக்கிவிடும்.

கம்பம் நட வழியில்லாத திறந்த நீரில் ஜி.பி.எஸ்.-ஐயே பயன்படுத்தலாம். ஒரு திசையிலும் அதற்கு நேர் எதிர்த்திசையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஓடி, நிலைத்த எண்களின் சராசரியை எடுத்தால் போதும். ஆனால் நீரோட்டத்தின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் பக்கத் தள்ளலும் எண்ணில் சேர்ந்து, வேகம் கூடுதலாகத் தெரியும். போக்கை அறிய, கழுத்து வரை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை மிதக்கவிட்டுப் பார்க்கலாம். வெற்றுப் பாட்டில் காற்றோடு போய்விடும். அணியத்தில் ஒரு மரத்துண்டைப் போட்டு அது அமரத்தைக் கடக்கும் நேரத்தை எண்ணும் வழக்கமும் உண்டு. துடுப்புப் படகுக்கு அது பொருந்தும். எட்டு மீட்டர் நீளமுள்ள எஞ்சின் படகை அந்தத் துண்டு இரண்டே வினாடியில் கடந்துவிடுவதால், அங்கே அதை நம்புவதற்கில்லை.

கிடைத்த எண்ணோடு எஞ்சினின் சுழற்சி, ஏற்றியிருந்த ஆட்கள், எரிபொருள், படகின் அடியில் ஒட்டியுள்ள பாசியின் நிலை ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இவை மாறினால் வேகமும் மாறும். பயணக் கணக்குப் போடும்போது, போகையில் மிச்சமானது வருகையில் ஈடாகிவிடும் என்று கொள்ளக்கூடாது. மேற்சொன்ன படகு அசையாத நீரில் 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப 2 மணி 47 நிமிடம் ஆகும், மணிக்கு 3.6 கிலோமீட்டர் நீரோட்டத்தில் அதே பயணத்துக்கு 2 மணி 58 நிமிடம் ஆகும். அந்தப் பதினொரு நிமிடத்துக்கான எரிபொருளையும் சேர்த்தே டேங்கை நிரப்ப வேண்டும்.