தைரியம் ஊட்டப் போய் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு புது ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைகுனிந்திருந்த ஒரு பையனை அவர் சட்டென்று எழுப்பி, "முன்னால் வந்து பேசு, பயம் தானாகப் போய்விடும்" என்றார். எனக்குப் பகீர் என்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பேசிய அதே வசனம். கத்துவது, கேலி செய்வது எல்லாம் தப்பென்று எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுத்தருவது

இதை நினைத்தால் இன்னும் என் மீதே எரிச்சல் வருகிறது. அன்று நான் முன்னால் நிறுத்திய மாணவி இரண்டு வரி பேசினாள். மூன்றாவது வரவில்லை. யாரோ சிரித்தார்கள். "பரவாயில்லை, பேசு பேசு" என்று உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவளை மேலும் நிற்க வைத்தேன். அதற்கு முன் எப்போதாவது சந்தேகம் கேட்பாள். அந்த ஆண்டு முழுக்க அதுவும் நின்றுபோனது.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். அவர் சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அத்தனை பலம் இல்லை. நம்பிக்கை வேர்பிடிக்கும் முன்பே வரும் தோல்வியோ அதை எளிதில் குலைத்துவிடும். நான் கொடுத்தது வார்த்தை. அவளுக்கு மிஞ்சியது தோல்வி.

இப்போது படிப்படியாகப் போகிறேன். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது, பிறகு நான்கு பேருக்கு நடுவே, அப்புறம் எழுதியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசிப்பது, கடைசியில்தான் முன்னால் வருவது. எப்போது அடுத்த படி என்பதை மாணவரே சொல்ல வேண்டும். ஒரே படியில் மாதக்கணக்கில் நிற்பவர்களும் உண்டு, நிற்கட்டும். அதற்காக, "அது கூச்ச சுபாவம்" என்று படியே வைக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரத்தான் செய்யும்.

கேள்வியும் நானே, பதிலும் நானே

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அந்த மூன்று விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். மனசுக்குள் எண்ணுங்கள்.

"நீ புத்திசாலி" என்று பாராட்டுவது

வேண்டாம். மாணவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள்.

தப்பை மறைப்பது

பலகையில் நான் தப்பாகப் போட்ட கணக்கை ஒரு மாணவன் சுட்டிக்காட்டினான். "நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்த்தேன்" என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு என் தப்பை யாரும் சுட்டிக்காட்டவும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் புது ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, நாளைக்கு அவனிடம் என்ன பேசுவது?" என்று கேட்டார். "நேற்று நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள்" என்றேன்.

"எல்லார் முன்னாலுமா?" என்றார்.