மோட்டார் பேரிங்குக்கு எந்த கிரீஸ்?

கடையில் போய் "மஞ்ச கிரீஸ் அரை கிலோ" என்று கேட்பதை முதலில் விடுங்கள். நிறம் வெறும் சாயம். டப்பாவில் எந்த சோப்பு என்று போட்டிருக்கிறது, அதைப் பாருங்கள்.

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். அதை ஒழுகாமல் பிடித்து வைப்பது, கொழுப்பு அமிலமும் உலோகக் காரமும் சேர்ந்து உண்டாகும் சோப்பின் நுண்ணிய இழைகள். குளிக்கிற சோப்பு சோடியம் சோப்பு. சோடியம் கிரீஸும் அதே புத்திதான், தண்ணீர் பட்டால் கரையும். சந்தேகமா? உள்ளங்கையில் துளி வைத்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பாலாக வெளுத்துக் கழுவிக்கொண்டு போனால் பெரும்பாலும் சோடியம்தான்.

பழைய வகை கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது. ஆனால் அதன் சோப்பே உள்ளிருக்கும் துளி ஈரத்தால்தான் கட்டி நிற்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஈரம் போய், எண்ணெய் தனி, சோப்பு தனி. லாரி சேசிஸுக்குப் போடுங்கள், மோட்டாருக்கு வேண்டாம்.

மோட்டாருக்கு லித்தியம், என்எல்ஜிஐ 2 (கிரீஸ் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்). இதன் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் நம்ம ஆமணக்கெண்ணெயிலிருந்து வருவது. ஏறக்குறைய 180 டிகிரி தாண்டினால்தான் சொட்டும். தினசரி ஓட்டத்துக்கு 120 வரை நம்பலாம்.

இனி அளவு. எங்கள் ரீவைண்டிங் பட்டறையில் மூடியைக் கழற்றினால், கிரீஸ் காயிலில் வழிந்து தூசியோடு அப்பிக் கிடக்கும் மோட்டார்கள்தான் அதிகம். பேரிங் சத்தம் போட்டால் கிரீஸ் கன்னை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். நிறைய இருந்தால் உருளைகள் அதைக் கடைந்து கடைந்தே சூடேறும்.

பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005 ஆல் பெருக்குங்கள், கிடைப்பது கிராம். 6308 எண் பேரிங் என்றால் 90 × 23 × 0.005, சுமார் 10 கிராம். உங்கள் கன் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று காகிதத்தில் பத்துமுறை அடித்து, தராசில் போட்டுப் பாருங்கள். கன்னுக்குக் கன் மாறும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்து, பழைய கிரீஸ் வெளியேறும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றிவிட்டு அடியுங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு, மிச்சம் வெளியே வந்தபின் மூடுங்கள். இருபுறமும் தகடு மூடிய இசட்இசட் பேரிங்கை இதில் சேர்க்காதீர்கள்.

உள்ளே வேறு சோப்பு இருந்தால் மேலேயே அடிக்கக் கூடாது. லித்தியத்தோடு சோடியம் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். சில மோட்டார்களில் சோப்பே இல்லாத பாலியூரியா கிரீஸ் வரும். அதுவும் லித்தியத்தோடு பொதுவாக ஒத்துப்போகாது. பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதிதாக நிரப்புங்கள்.