கரண்ட் வைத்த கழுத்து: தழும்பையும் கட்டியையும் எம்ஆர்ஐ-யில் பிரித்துப் பார்ப்பது எப்படி

வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, ஆறேழு வாரம் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்தவரின் எம்ஆர்ஐ உங்கள் திரைக்கு வருகிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் ஒரு தடிப்பு தெரிகிறது. அது சிகிச்சை விட்டுப்போன தழும்பா, திரும்ப வந்த கட்டியா? நான் மதுரையில் ரேடியாலஜிஸ்ட். புகையிலையும் வெற்றிலையும் பழகிய ஊர், அதனால் கன்னம், நாக்கு, ஈறு என்று இந்த ஸ்கேன்கள் வந்துகொண்டே இருக்கும். பிஜி முடித்து, சின்ன ஊர் ஸ்கேன் சென்டரில் பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் ரிப்போர்ட் எழுதும் இளம் டாக்டர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

"சந்தேகம் என்றால் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமே" என்று தோன்றும். கதிர் பட்ட திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. ஆழமாக வெட்டி எடுத்தால் புண் ஆறாமல் போகலாம், குருத்தெலும்பும் தாடையெலும்பும் செத்துப்போகலாம். அப்படியே எடுத்தாலும், மேலே சளிச்சவ்வு நன்றாக இருக்க, அடியில் தழும்புக்குள் சிறு கூட்டமாக ஒளிந்திருக்கும் புற்றுச் செல்கள் ஊசிக்குத் தப்பிவிடலாம். எடுக்க வேண்டுமா, எடுத்தால் சரியாக எந்த இடத்தில் என்பதைச் சொல்லத்தான் நம் படம்.

ஸ்கேனுக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தொண்டையில் உலோக டியூப் வைத்திருப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். வார்டிலேயே பிளாஸ்டிக் டியூபாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டியூபிலும் காற்றடைக்கும் குட்டி பலூன் வால்வில் ஒரு ஸ்பிரிங் இருக்கலாம். அதைக் கழுத்துமேல் போடாமல் தள்ளி, பிளாஸ்திரி போட்டு ஒட்டினால் படம் கெடாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய சிறுநீரகம் என்பதால், கான்ட்ராஸ்ட் (படத்தைத் துலக்க ரத்தத்தில் ஏற்றும் மருந்து) போடுமுன் கிரியேட்டினின் பார்த்தே ஆக வேண்டும். கழற்றும் பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். இவர்களுக்கு எச்சில் கெட்டியாகித் தொண்டையில் நிற்கும், அடிக்கடி விழுங்குவார்கள். உள்ளே அனுப்புமுன் சக்‌ஷன் வைத்து எடுத்துவிட்டு, "சத்தம் வர்றப்ப மட்டும் முழுங்காதீங்கய்யா, சத்தம் நின்னதும் முழுங்கிக்கலாம்" என்று டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னாலே படம் பாதி தெளிந்துவிடும்.

அப்புறம் அந்த மஞ்சள் பை. வீட்டுக்காரர்கள் பழைய ஃபிலிம், சிடி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் அதில்தான் கொண்டுவருவார்கள். அதை வாங்கிப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள். கட்டி முதலில் எங்கே இருந்தது, ஆபரேஷன் நோட்டில் என்ன வெட்டினார்கள், வெட்டிய இடத்தை மூட எந்த ஃபிளாப் (உடலின் வேறிடத்துத் திசு) வைத்தார்கள், கதிர் 30 தவணையில் 60 கிரேயா, 35 தவணையில் 70 கிரேயா (கிரே என்பது கதிரின் அளவு), கடைசித் தவணை எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசித் தேதிதான் ரொம்ப முக்கியம். முதல் சில வாரங்களில் எல்லாமே வீங்கி, வெளுத்து, கான்ட்ராஸ்ட் வாங்கித்தான் தெரியும். சிகிச்சை முடிந்து 8 முதல் 12 வாரத்தில் எடுக்கும் படத்தை அடிப்படைப் படமாக வைத்துக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுவதே நல்லது. செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைக் காட்டும் பெட் சிடியையும் 12 வாரத்துக்கு முன் எடுத்தால் கதிர் கிளப்பிய அழற்சியே பளிச்சென்று எரிந்து ஏமாற்றும்.

எம்ஆர்ஐ ஒரே இடத்தை டி1, டி2 என்று வெவ்வேறு விதமாகப் படமெடுக்கும். படிக்கும்போது நான் டி1-ல் தொடங்குவேன். கான்ட்ராஸ்ட் இல்லாத, கொழுப்பை அமுக்காத டி1. கொழுப்பு வெள்ளையாக இருப்பதால், எங்கே அது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தாலே கண் சரியான இடத்துக்குப் போய்விடும். அடுத்தது டி2. என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் டி2-விலேயே இருக்கிறது. முதிர்ந்த தழும்பு நார்நாராக, ஓரங்கள் உள்வாங்கி, தசையைப் போலவோ அதைவிடவும் கறுப்பாகவோ இருக்கும். கட்டி அவ்வளவு கறுக்காது. வீக்கத்தைப் போல வெளுக்கவும் செய்யாது. நடுத்தரச் சாம்பல் நிறத்தில், உருண்டு திரண்டு, பக்கத்தில் உள்ளதைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இளம் தழும்பில்தான் சிக்கல். அதில் இன்னும் நீரும் ரத்தக் குழாய்களும் இருப்பதால் டி2-வில் வெளுப்பாகத் தெரியும், கான்ட்ராஸ்டும் வாங்கும்.

அங்கேதான், திசுவுக்குள் நீர் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படம் கைகொடுக்கும். புற்றுச் செல்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் நீர் மூலக்கூறுகளுக்கு நகர இடமிருக்காது. டிஃப்யூஷனின் பி 1000 படத்தில் வெளுத்து, அந்த நகர்வை எண்ணாகக் காட்டும் ஏடிசி மேப்பில் கறுத்துத் தெரியும். வீக்கமும் இளம் தழும்பும் ஏடிசி-யில் வெளுப்பாக இருக்கும். பல ஆய்வுகளில் கட்டிக்கும் தழும்புக்கும் நடுவே ஏடிசி 1.2, 1.3 (×10⁻³ மி.மீ.²/நொடி) பக்கம்தான் கோடு விழுகிறது. சில மெஷினில் இதுவே 1200, 1300 என்று வரும், அலகுதான் வேறு. ஆனால் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும் எண் இது, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

முதிர்ந்த தழும்பிலும் ஏடிசி குறைவாகத்தான் இருக்கும்! நார் இறுகிய இடத்தில் சிக்னலே கிடையாது, அதனால் மேப்பும் கறுக்கிறது. மேப்பை மட்டும் பார்த்தால் அசல் கட்டியைப் போலவே இருக்கும். வித்தியாசம் பி 1000 படத்தில். தழும்பு அங்கேயும் கறுப்பு, டி2-விலும் கறுப்பு. கட்டி அங்கே வெளுப்பு. டி2, பி 1000, ஏடிசி மூன்றையும் பக்கம் பக்கமாக ஒரே ஸ்லைஸில் கட்டிவைத்துப் பாருங்கள். பிஜி மாணவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்துவது இதைத்தான். ஏடிசி மேப்பைத் தனியாகத் திறக்கவே விடமாட்டேன்.

ஒரு கேஸில் இரண்டையுமே பார்க்கலாம். கன்னப் புற்றுக்கு, நெஞ்சுத் தசையைத் தோலோடு மேலே திருப்பி வைக்கும் பிஎம்எம்சி ஃபிளாப் போட்ட ஒருவர். முதல் படத்தில் ஃபிளாப்புக்குப் பின்னால் பட்டையாக ஒரு தடிப்பு. டி2-வில் கொஞ்சம் வெளுப்பு, கான்ட்ராஸ்ட் வாங்கியது, ஏடிசி 1.7. குறைந்த சந்தேகம், மூன்று மாதத்தில் திரும்ப எடுக்கவும் என்று எழுதினேன். அடுத்த படத்தில் அந்தப் பட்டை மெலிந்து கறுத்திருந்தது. ஆனால் ஃபிளாப்பின் கீழ் ஓரத்தில், முன்பு இல்லாத ஒரு சிறு உருண்டை, பட்டாணி அளவுகூட இல்லை. டி2-வில் சாம்பல், பி 1000-ல் வெளுப்பு, ஏடிசி 0.9. அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்து சர்ஜன் துண்டு எடுத்ததில் புற்று என்றே வந்தது. ஃபிளாப் இருந்தால் முதலில் அதன் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். கட்டி திரும்புவது பெரும்பாலும் அந்தத் தையல் வரப்பில்தான்.

கான்ட்ராஸ்ட் படத்தில் எவ்வளவு வாங்குகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்பதும் உதவும். கட்டி சட்டென்று ஏறி, அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். தழும்பு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். இதற்கான சீக்வென்ஸ் எல்லா சென்டரிலும் இருக்காது, இல்லாவிட்டால் முன்சொன்ன மூன்றும் போதும்.

ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. நாக்கை அசைக்கும் நரம்பு போய்விட்டால் அந்தப் பாதி நாக்கு முதலில் டி2-வில் வெளுத்து, பிறகு கொழுப்பாக மாறி, பின்னால் சரிந்து தொண்டையில் கட்டிபோல் துருத்தும். நடுக்கோட்டில் கத்தியால் வெட்டினாற்போல் எல்லை நின்றால் அது நரம்பின் வேலை. ஃபிளாப் தசையும் ஆரம்பத்தில் அதேபோல் வெளுத்துக் கான்ட்ராஸ்ட் வாங்கும், உள்ளே தசைக் கோடுகள் தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஒரு பக்கத் தாடைக்கீழ்ச் சுரப்பியை எடுத்திருந்தால் மறுபக்கச் சுரப்பி கட்டியாகத் தோன்றும். சீழும் ஏடிசி-யைக் குறைக்கும், காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். கதிர் பட்ட எலும்பு மஜ்ஜை கொழுப்பாகி டி1-ல் வெளுத்திருக்கும், அதில் புதிதாகக் கறுப்பு விழுந்தால் கட்டியும் இருக்கலாம், எலும்பு செத்ததும் இருக்கலாம். அதற்கு ஒரு சிடி எடுத்து எலும்பின் வெளி ஓடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பல்லில் அடைத்த உலோகமும் டைட்டேனியம் பிளேட்டும் வழக்கமான டிஃப்யூஷன் படத்தை இழுத்து நெளித்துவிடும். இபிஐ என்ற அந்த வழக்கமான வேக முறை அல்லாத டிஃப்யூஷன் உங்கள் மெஷினில் இருந்தால் இவர்களுக்கு அதையே போடுங்கள்.

முகம் மரத்துப்போகிறது, தாடை எரிகிறது என்று சொல்பவரை லேசாக விடாதீர்கள். கட்டி நரம்போடு ஏறி மண்டையோட்டுக்குள் போகலாம். தாடை நரம்பு மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஃபொராமென் ஓவேல் துளைக்குக் கீழே உள்ள கொழுப்பையும், மேல்தாடைக்குப் பின்னால் உள்ள டெரிகோபாலட்டைன் குழியின் கொழுப்பையும் இரு பக்கமும் ஒப்பிட்டே முடிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் "தழும்பு அல்லது கட்டி, நோயாளியின் நிலையோடு தொடர்புபடுத்திப் பார்க்கவும்" என்று எழுதி நழுவாதீர்கள். அதைப் படிக்கும் சர்ஜனுக்கும் வழியில்லை, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் வழியில்லை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் நை-ராட்ஸ் முறை இதற்கு நன்றாக உதவும். 1 என்றால் கட்டி இல்லை, வழக்கம்போல் கண்காணிப்பு. 2 குறைந்த சந்தேகம். மேற்பரப்பில் என்றால் நேரில் பார்க்கச் சொல்கிறோம், ஆழத்தில் என்றால் சீக்கிரம் மறுபடம் அல்லது பெட். 3 அதிகச் சந்தேகம், பயாப்ஸி. 4 உறுதி. 3 என்று எழுதினால், "ஃபிளாப்பின் பின் கீழ் ஓரம், தாடை வெட்டிய முனையிலிருந்து 1 செ.மீ. உள்ளே" என்று கை வைக்கும் அளவுக்கு இடத்தைச் சொல்லி, அம்புக்குறி போட்ட படம் ஒன்றையும் இணைத்து, சர்ஜனுக்கு போன் செய்துவிடுங்கள். 2 என்றால் அடுத்த ஸ்கேன் தேதியை ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள், முடிந்தவரை அதே மெஷினில், அதே சீக்வென்ஸில்.